கண்ணாடி போடாமல் போட்ட கையெழுத்து

அத்தியாயம் 17

"நாளைக்கு எங்க ஆத்தா கடல்லேர்ந்து வீட்டுக்கு வர்ற நாளும்மா. அன்னிக்குப் போயி அடையாறுக்கு வான்னா எப்பிடி வர்றது?"

முந்தின நாள் மாலை தேசம்மா பெட்டிக்கடைப் போனில் கேட்ட கேள்வி இது. விடிந்து காபி ஆறிப்போன பிறகும் ஸ்ரீரஞ்சனி அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சாபகேசன் நினைவு அறக்கட்டளையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செங்கல்பட்டுப் பக்கம் மலேரியா இன்ஸ்பெக்டராக அலைந்து ஓய்ந்த பஞ்சாபகேசன், தி.நகரில் இருந்த தன் ஒரே வீட்டை எழுதிவைத்து ஆரம்பித்தது. பழங்குடிக் கலைஞர்களுக்கும் குழுக்களுக்கும் வருஷத்துக்கு ஐந்து சிறு நல்கைகள். தலா ஐம்பதாயிரம் ரூபாய். அவர் காலமான பிறகு பெயரில் 'நினைவு' சேர்ந்தது; தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாப்பிள்ளை சுப்பராமன். அவர் மனைவி சூடாமணியும், மகன் ஜெயராமும் மற்ற இரண்டு அறங்காவலர்கள். மருமகள் ஸ்ரீரஞ்சனிக்குச் செயலாளர் பதவி. வேலை உண்டு, ஓட்டு கிடையாது.

இந்த வருஷம் நாலு நல்கைகள் முடிவாகிவிட்டன. மிச்சம் ஒன்று. அதற்கு இரண்டே விண்ணப்பங்கள். ஒன்று, திருக்கழுக்குன்றம் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து தேசம்மாவின் ஏழுபடிப் பெண்கள் பாட்டுக் குழு. மற்றொன்று, தி.நகரில் நாட்டியப் பள்ளி நடத்தும் பத்மஜாவின் 'வனமகள்' நாட்டிய நாடகம்.

தேசம்மா குழுவில் பதினோரு பேர். அதில் நாலு பேருக்கு இந்தப் பணம் வராவிட்டால் வேறு வழியில்லை. மகம் முடிந்த மறுநாள் செங்கல் சூளை லாரி வரும். ஏறிப் போனால் ஆறு மாதம் திரும்ப முடியாது. நாலு குரல் போனால் குழுவும் போய்விடும்.

இதையெல்லாம் ஸ்ரீரஞ்சனி அறிவாள். நேற்றுவரை அறியாத ஒன்று, நேர்காணலுக்கு மாமனார் வைத்த தேதி மாசி மகம் என்பது. கடிதம் ஆங்கிலத்தில், பதிவுத் தபாலில், நேராக அவர் கையெழுத்தோடு போயிருக்கிறது. அங்கே பெட்டிக்கடைக்காரர் அதைப் படித்துச் சொன்னதே நேற்றுத்தான்.

இருளர்களின் கலைக்குப் பணம் கொடுக்க உட்கார்ந்திருக்கும் சபை, இருளர்கள் அத்தனை பேரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் அந்த ஒரே நாளைத் தேடிப் பிடித்து நேர்காணல் வைத்திருக்கிறது!

மயிலாப்பூர்க் கபாலி கடலுக்குப் புறப்பட்டுப் போய்த் தீர்த்தவாரி முடிந்திருந்தது. கூடவே போய்வந்த சுப்பராமனும் சூடாமணியும் ஈரக் காலோடு வீட்டுக்குள் வந்தார்கள்.

"அப்பா, இன்னிக்கு நேர்காணலை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாத்திக்கலாமா?" என்று மாமனாரைக் கேட்டாள் ஸ்ரீரஞ்சனி.

"எதுக்கு?"

"ஏழுபடிக் குழு இப்போ மாமல்லபுரத்துல இருக்கா. இன்னிக்கு அவா கன்னியம்மாவை அழைக்கற நாள். தேசம்மா பொண்ணுக்கு அங்கேயே கடற்கரையில கல்யாணம் வேற."

சுப்பராமன் துண்டால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். "நமக்கும்தான் மாசி மகம். நான் விடியக்காலம்பற எழுந்து, கடலுக்குப் போயிட்டு வந்து, பதினோரு மணிக்கு டாண்ணு நாற்காலியில உட்காரப் போறேன். அவாளால முடியாதா?"

"நம்ம கடல் நடக்கற தூரத்துல இருக்குப்பா."

"நல்ல நாளாச்சேன்னுதான் இந்தத் தேதியே வெச்சேன்."

"யாருக்கு நல்ல நாள்னு பார்க்கலையே."

பதில் சொல்லத் தேவையில்லாதவர்களைப் பார்க்கும்போது வரும் புன்னகை சுப்பராமன் முகத்தில் வந்தது. வங்கியில் கடன் கேட்டு வந்தவர்களிடம் முப்பத்திரண்டு வருஷம் அதையே பழகியவர்.

சூடாமணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாள்காட்டித் தாளைக் கிழித்தாள். "ரஞ்சனி, நீ எதுக்கு இப்படி உருகறே? எலி பிடிக்கறவா. பாம்பு பிடிக்கறவா. இன்னிக்கு ஆத்தாம்பா, நாளைக்கு தாத்தாம்பா. பணம் வேணும்னா வர வேண்டியதுதானே? கொடுக்கறவாதான் இறங்கி வரணுமா என்ன?"

கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

சூடாமணி கெட்டவள் அல்ல. தெருவில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ரசம் அவள் வீட்டிலிருந்துதான் போகும். ஆனால் அந்த ரசத்தோடு நாலு வார்த்தையும் போகும். அன்பையும் அலட்சியத்தையும் ஒரே கரண்டியால் பரிமாறுகிற பெண்கள் நம் வீடுகளில் உண்டல்லவா?

ஸ்ரீரஞ்சனி செருப்பை மாட்டிக்கொண்டு மாடவீதி முனைக்கு நடந்தாள்.

ஆட்டோ ஸ்டாண்டில் ஆசிஃப் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆசிஃப், மாமல்லபுரம் போயிட்டு வரணும்."

"இன்னாக்கா, காலங்காத்தால காமெடி பண்ற? இது ஆட்டோக்கா. ஏரோப்ளேன் இல்ல."

"அங்கே ஒரு அம்மா இருக்காங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அடையாறுக்குக் கூட்டிட்டு வரணும். நான் மாமல்லபுரம் போயிட்டா இங்கே நேர்காணலைப் பிடிச்சு வைக்க ஆள் இல்லை."

"யாரு, சொந்தமா?"

"பாட்டு பாடறவங்க."

"பாட்டுக்காரம்மாவா? அவுங்கள்லாம் ஏசி கார்ல இல்ல போவாங்க?"

"இவங்களுக்கு யாரும் கார் அனுப்பலை."

ஆசிஃப் துணியை உதறினான். "இன்னிக்கு அங்க ஊர்ப்பட்ட ஜனம் கீதேக்கா. எப்டிக் கண்டுபுடிக்கிறது?"

"புடவையால மறைப்புக் கட்டி, உள்ளே மணல்ல ஏழு படி கட்டியிருப்பாங்க. அங்கே போய் தேசம்மான்னு கேளு."

"அல்லாரும் அதே மேரிதான கட்டியிருப்பாங்க?"

ஸ்ரீரஞ்சனி திகைத்தாள். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷமாகக் கோப்பு எழுதுகிறவள். ஒரு தடவைகூட அங்கே போய்ப் பார்த்ததில்லை.

"சர்தான் வுடு. வாயி கீது, கேட்டுக்கிறேன்" என்று வண்டியைக் கிளப்பினான் ஆசிஃப். "பெட்ரோலுக்கு மட்டும் குடு. கல்யாணத்துலேர்ந்து ஒரு அம்மாவ இட்டாறதுக்கு வாடக வாங்கினா எங்கம்மா சோறு போடாது."

அடையாறில் அறக்கட்டளையின் அலுவலகம் புதிதாகப் பளிங்கு போட்டது. நல்கை கேட்டு வருகிறவர்கள் மலைத்துப் போக வேண்டும் என்றே போட்டது போலிருக்கும். வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். 'பழங்குடிக் கலைகளைப் போற்றுவோம்' என்ற எழுத்துக்குக் கீழே, தலையில் இறகு செருகி, முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட நாலு பேர் படம். எந்தக் கண்டத்தவர்களோ! இணையத்தில் கிடைத்த முதல் படத்தை எடுத்து அச்சடித்திருந்தார்கள். சுப்பராமன் படம் அதற்குமேல் வட்டத்துக்குள் சிரித்தது.

பதினோரு மணிக்குப் பத்மஜா வந்தாள். பட்டுப் புடவை, தோல் பை, மடிக்கணினி, இரண்டு மாணவிகள். சுப்பராமன் எழுந்து நின்று, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

ஜெயராம் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் வேலை பார்க்கும் தரமணி அலுவலகத்தின் மீட்டிங் ஒன்று அவன் வலது காதில் ஓடிக்கொண்டிருந்தது. இடது காது அறக்கட்டளைக்கு. இரண்டு காதிலும் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

திரையில் 'வனமகள்' ஓடியது. பச்சை சாட்டின் பாவாடை கட்டிய பத்துப் பெண்கள் பிளாஸ்டிக் இலைகளை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஈட்டியைத் தூக்கி 'ஹோய் ஹோய்' என்று குதித்தார்கள்.

"அவாளோட ஆன்மாவை அப்படியே மேடைக்குக் கொண்டு வந்திருக்கோம் சார்" என்றாள் பத்மஜா.

"இது எந்தப் பழங்குடி, மேடம்?" என்று கேட்டாள் ஸ்ரீரஞ்சனி.

"பொதுவா... எல்லாரும்தான்."

"ஆடறவாள்ல யாராவது பழங்குடிப் பெண் உண்டா?"

பத்மஜா யோசித்தாள். "ஃபீஸ் கட்டிச் சேர்ந்தா நாங்க வேண்டாம்னா சொல்லப் போறோம்?"

சுப்பராமன் பலமாகத் தலையாட்டினார். சூடாமணி கொட்டாவி விட்டாள். ஜெயராம், "யெஸ், நெக்ஸ்ட் ஸ்லைடு" என்றான்; அது தரமணிக்குச் சொன்னது.

பன்னிரண்டு பத்து. ஆசிஃபின் போன் எடுக்கப்படவில்லை. ஸ்ரீரஞ்சனி மேஜைக்கடியில் மறுபடி எண்ணை அழுத்தினாள். சுப்பராமன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, யாருமில்லாத வாசலை நோக்கிக் குரல் கொடுத்தார். "ஏழுபடிப் பெண்கள் பாட்டுக் குழு!"

இடைவெளி விட்டு இரண்டாம் முறை. ஏலக்காரரைப் போல மூன்றாம் முறை.

"வரலை. எழுதிக்கோ. விண்ணப்பதாரர் மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை."

"அப்பா, ஒரு அரை மணி..."

"பார்த்தியா, இதான் இவாளோட கஷ்டம். நேரத்தோட மதிப்பு தெரியாது. நாம தங்கத் தட்டுல வெச்சு நீட்டினாலும் வாங்கிக்கத் துப்பு கிடையாது." மினிட்ஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் கையாலேயே தீர்மானத்தை எழுதினார். ஐந்தாவது நல்கை, 'வனமகள்' நாட்டிய நாடகத்துக்கு. கீழே கையெழுத்திட்டார். ஜெயராமிடம் தள்ளினார். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கிறுக்கினான்.

மூன்றாவது கையெழுத்து சூடாமணியுடையது. மூன்றும் இருந்தால்தான் தீர்மானம் செல்லும்.

அவள் பேனாவை எடுத்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தேசம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முகத்தில் மஞ்சள் காயவில்லை. புடவையின் கீழ்க் கரை நனைந்து, மணல் அப்பியிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வந்தாள். ஆனாலும் பளிங்கில் அவள் நடந்த இடமெல்லாம் மணல் உதிர்ந்தது. சுப்பராமன் அவளைப் பார்க்கவில்லை. மணலைப் பார்த்தார்.

பின்னால் ஆசிஃப். "கோவளத்தாண்ட ஒரே ஜாமுக்கா. நானா லேட்டு பண்ணேன்? மூணு தேசம்மாவ பாத்தேன், நாலாவதுதான் இவுங்க."

தேசம்மா சிரித்தபடி பேனரைத் திரும்பிப் பார்த்தாள். "ரஞ்சனிம்மா, தலையில எறகு வெச்சிக்கினு நாலு பேரு நிக்கிறாங்களே, அவுங்க யாரு? சாரோட சொந்தக்காரங்களா?"

ஆசிஃப் வாயைப் பொத்திக்கொண்டான். யாரும் தேசம்மாவை உட்காரச் சொல்லவில்லை. ஜெயராம்தான் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் மடிக்கணினிப் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அந்த நாற்காலியைத் தேசம்மா பக்கம் நகர்த்தினான். அந்த வீட்டு ஆண்கள் அன்று செய்த ஒரே நல்ல காரியம் அது. சிறியதுதான். ஆனால் இறைவனின் கணக்கில் அதுவும் விழாமல் போகாது.

"பேரை மூணு தடவை கூப்பிட்டாச்சு" என்றார் சுப்பராமன். "நீ வரலை. முடிஞ்சு போச்சு."

"மூணுதானா சார்?" தேசம்மா ஆச்சரியப்பட்டாள். கிண்டலா, இல்லையா என்று தெரியவில்லை. "நாங்க எங்க ஆத்தாவக் கூப்பிட்டா மூணோட நிறுத்த மாட்டோம். வர்ற வரிக்கும் கூப்புடுவோம்."

இதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சூடாமணி நிமிர்ந்தாள். "உங்க ஆத்தா எதுக்குக் கடலுக்குப் போனா?"

"கோவிச்சிக்கினும்மா. வூட்ல யாரும் அவள மதிக்கல. கோவிச்சிக்கினு போயி கடல்ல உக்காந்துட்டா. அதான் வருசா வருசம் ஊரே கெளம்பிப் போயி கூப்புடும். பாடுவோம், அழுவோம், கெஞ்சுவோம். விடியக்கால வந்துருவா. வந்தப்புறந்தான் கல்யாணம், காட்சி, சோறு எல்லாம்."

"ஊரே போகுமா?"

"பின்ன? வூட்டு மகாலச்சுமி போயி உக்காந்துகினு கீறா. ஒத்த ஆளு போனா வருவாளா?"

சூடாமணி பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கல்யாணமான நாலாம் வருஷம் அவளும் ஒரு முறை கோபித்துக்கொண்டு தி.நகரில் அப்பா வீட்டுக்குப் போனாள். பதினோரு நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயிலாப்பூரிலிருந்து யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் தானே பஸ் ஏறித் திரும்பி வந்தாள். சுப்பராமன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வந்துட்டியா? காபி போடு" என்றார். அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஸ்ரீரஞ்சனியிடம் மட்டும், ஒரு தடவை, அப்பளம் பொரித்துக்கொண்டே.

"சரி, வந்தது வந்துட்டே" என்றார் சுப்பராமன். "அந்த அழைப்புப் பாட்டை ஒரு அஞ்சு நிமிஷம் பாடு. வீடியோ எடுத்துக்கறோம். ஆண்டறிக்கைக்கு ஆகும். கையில ஏதாவது கொடுத்து அனுப்பச் சொல்றேன்."

"அது இங்க பாட முடியாது சார்."

"ஏன்?"

"ஆத்தா இன்னிக்கு விடியக்காலயே வந்துட்டா. வூட்டுக்கு வந்து உக்காந்தவள மறுபடியும் வா வான்னு கூப்புட்டா, நீ இன்னும் வரலேன்னு சொல்ற மாதிரி ஆயிடும். பாவம் சார். நாங்க கட்டின சர்ட்டிபிகேட்டு பாட்டு வேணா பாடறேன்."

"அது எந்தக் காலத்துப் பாட்டு?"

"போன ஆடியில கட்டினது. சாதி சர்ட்டிபிகேட்டுக்கு எட்டு வாட்டி தாலுக்கா ஆபீசு போனோமில்ல, அங்க வராண்டாவுல உக்காந்து கட்டினது."

அனுமதிக்குக் காத்திராமல், மேஜையில் விரலால் தாளம் போட்டபடி பாடினாள். பெரிய குரல். மணலும் உப்பும் கலந்த குரல்.

"பாம்புக்குத் தெரியுது நான் யாருன்னு சாரே, பாத்ததும் ஓடிப் போவுது;
பேப்பருக்குத் தெரியலியாம் நான் யாருன்னு சாரே, நாளைக்கு 'வா'ங்குது."

ஆசிஃப் வாசலில் நின்று கை தட்டிவிட்டான். பத்மஜாவோடு வந்த மாணவிகளில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஜெயராம் காதிலிருந்ததைக் கழற்றினான்.

சுப்பராமன் மட்டும் அசையவில்லை. "இது கலை இல்லை. சர்க்கார் ஆபீசை நக்கல் பண்றது. பாரம்பரியம்னு ஒண்ணு இருந்தாத்தான் நாங்க ஆதரிக்க முடியும். பத்மஜா மேடத்தோடதைப் பாரு, எவ்வளவு ஆராய்ச்சி பண்ணியிருக்கா!"

தேசம்மா திரையில் நின்றுபோயிருந்த படத்தைப் பார்த்தாள். பச்சை சாட்டின், பிளாஸ்டிக் இலை, ஈட்டி.

"இது யாரு சார்?"

"நீங்கதான்" என்றார் சுப்பராமன்.

தேசம்மா அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் பத்மஜாவைப் பார்த்து, மனசார, "பொண்ணுங்க அழகாத்தான் ஆடுதுங்க" என்றாள். "எலையோட காட்டுல நடந்தா முள்ளு கிழிச்சிரும்னு மட்டும் சொல்லி வைங்க." எழுந்தாள். "நான் கெளம்பறேன் ரஞ்சனிம்மா. பொண்ணு கல்யாணச் சோறு ஆறிடும். சாயங்காலம் வரிக்கும் அல்லாரும் அங்கதான் இருப்போம். நாளைக்குத்தான் லாரி."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அழுகை இல்லை. அதுதான் ஸ்ரீரஞ்சனிக்குத் தாங்கவில்லை.

"சூடா, கையெழுத்துப் போடு. லஞ்ச் ஆறிண்டிருக்கு." சுப்பராமன் புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினார். முப்பது வருஷமாக அவர் விரல் வைக்கும் இடத்தில் சூடாமணியின் பெயர் வந்து உட்காரும்.

சூடாமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கண்ணாடி இல்லை."

"கையெழுத்துப் போட எதுக்குக் கண்ணாடி?"

"படிச்சுட்டுப் போடறேனே."

"படிக்க என்ன இருக்கு? நான்தானே எழுதினேன்?"

"அதான் படிக்கணும்கறேன்."

பத்மஜா தன் பையை மூடுவதில் மிகவும் மும்முரமானாள். சுப்பராமனுக்கு அந்தப் பழைய புன்னகை வந்தது. இந்தத் தடவை அது பாதியிலேயே நின்றுவிட்டது. "கண்ணாடி எங்கே?"

"ஆத்துல."

ஸ்ரீரஞ்சனியின் பார்வை தன்னையறியாமல் மாமியாரின் கைப்பைக்குப் போனது. திறந்திருந்த வாயில் கண்ணாடி உறையின் பழுப்பு முனை எட்டிப் பார்த்தது. சூடாமணி நிதானமாகப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சூடா! அந்தப் புஸ்தகம் ஆபீசை விட்டு வெளியில போகக் கூடாது!"

"நானும் ஒரு டிரஸ்டிதானே? இத்தனை வருஷம் ஆபீசை விட்டு வெளியில போகாம இருந்தாச்சு. ஒரு நாள் போயிட்டு வரட்டும்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினாள். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த தேசம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். ஸ்ரீரஞ்சனி ஓடி வந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டாள்.

"வீட்டுக்காம்மா?" என்று கேட்டான் ஆசிஃப்.

"இவா பொண்ணுக்குக் கல்யாணமாம். சாப்பாடு ஆறிடும்கறா. நேரா அங்கேயே போ."

"இன்னாம்மா, நெசமாவா?"

"வழியில பூக்கடை இருந்தா நிறுத்து. வெறுங்கையோட போகக் கூடாது."

திருவான்மியூர் தாண்டி, கடற்கரைச் சாலைக்கு வண்டி திரும்பியது. சூடாமணி ஒரு கையில் பூப்பந்தைப் பிடித்தபடி, மறு கையால் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஸ்ரீரஞ்சனியின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். அறக்கட்டளையின் விதிகள். அப்பா பஞ்சாபகேசனின் கையெழுத்து, சாய்ந்து சாய்ந்து, மருந்துச் சீட்டு எழுதிப் பழகிய கை. அதன் கீழேதான் அவள் முதல் கையெழுத்து. அன்றைக்கும் படிக்கவில்லை.

இப்போது படித்தாள். நாலாவது விதிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இன்னாம்மா எழுதிக்கீது?" என்றாள் தேசம்மா.

சூடாமணி உரக்கப் படித்தாள். காற்றில் பாதி வார்த்தை பறந்தது. ஆனாலும் மூன்று பேருக்கும் கேட்டது.

"'உதவி வேண்டும் கலைஞர்களை நம்மிடம் வரவழைக்கக் கூடாது. அறங்காவலர்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய், அவர்களுக்கு வசதியான நாளில், கேட்டுவிட்டு வர வேண்டும். மூவரில் ஒருவர் கேட்டு வந்து சொன்னாலும் போதும்.'"

"ஒருத்தர் போதுமா?" ஸ்ரீரஞ்சனி இருக்கை நுனிக்கு வந்தாள். "அம்மா, அப்போ இன்னிக்கு நீங்க கேட்டுட்டு வந்து சொன்னாலே..."

"இரு." சூடாமணி பக்கத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "முழுசாப் பாரு."

அந்த நாலாவது விதியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு ஓடியிருந்தது. ஓரத்தில் 'ரத்து' என்ற வார்த்தை. பக்கத்தில் மூன்று சுருக்கொப்பம். முதலாவது சுப்பராமனுடையது. இரண்டாவது ஜெயராமுடையது. மூன்றாவதாக வெறும் ஒற்றை எழுத்து, 'சூ'.

"நான் என் பேரை என்னிக்கும் முழுசாத்தான் எழுதுவேன்" என்றாள் சூடாமணி மெதுவாக. "பால் கார்டுல இருந்து பாங்க் வரைக்கும். இது நான் போட்டதில்லை."

ஸ்ரீரஞ்சனியின் கண்கள் மூன்றாவதிலிருந்து நகர்ந்து இரண்டாவதில் நின்றன. தன் கணவனின் ஒப்பம். நாற்காலியை நகர்த்திக் கொடுத்த அதே கை.

அப்போது சூடாமணியின் போன் அடித்தது. திரையில் சுப்பராமன் பெயர்.

"எடுக்கலியாம்மா?" என்று கேட்டான் ஆசிஃப், முன்கண்ணாடியில் பார்த்தபடி.

"கூப்பிடட்டும்."

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஓய்ந்தது. மூன்றாம் முறையும் அடித்தது. மூன்று பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேசம்மா தன் புடவையின் முனையில் ஒட்டிய மணலைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, சூடாமணியின் மடியில் இருந்த அந்தச் சின்ன வெளிச்சத்தின் பக்கம் குனிந்தாள்.

ஓய்ந்தது.

வண்டி ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டியது. சவுக்குத் தோப்புகளுக்கு இடையில் கடல் துண்டு துண்டாகத் தெரிந்தது. சூடாமணி போனின் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக் காத்திருந்தாள். கோவளம் வரும்வரை காத்திருந்தாள்.

நாலாவது முறை அது அடிக்கவில்லை.